பிளாஸ்டிக்கைத் திட்டியது போதும்; தண்ணீரை அளந்து சொல்லுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கடந்து போகலாம். ஆனால் போன வாரம் எங்கள் தெருமுனையில் பாதாளச் சாக்கடை பொங்கிய படத்தை நான் போட்டபோது, அதன் கீழே வந்து "எல்லாம் நம்ம ஜனங்க போடுற பிளாஸ்டிக்தான் டீச்சர்" என்று எழுதியவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அதே வாசகத்தை ஏரியா சபைக் கூட்டத்திலும் கேட்டேன். மேடையில் இருந்த அதிகாரி சொன்னார்: "பொதுமக்கள் ஒத்துழைப்பு இல்லை. பிளாஸ்டிக், துணி, நாப்கின் எல்லாம் போடுறாங்க. அதான் மழைக்காலத்துல பொங்குது. பெரிய குழாய் போடத் திட்டம் தயாராகுது." கூட்டம் கைதட்டியது. நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "சார், பிளாஸ்டிக்கை நாங்கள் சித்திரையிலும் போடுகிறோம், ஐப்பசியிலும் போடுகிறோம். சித்திரையில் ஏன் பொங்கவில்லை?"

பதில் வரவில்லை. "நேரமாச்சும்மா, அடுத்தவங்க பேசட்டும்" என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் தொடக்கப் பள்ளியில் கணக்குப் போட்டுக் காட்டியவள் நான். பதில் தெரியாத பிள்ளை எப்படி முழிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிளாஸ்டிக் போடுவது சரி என்று நான் சொல்லவில்லை. அடைப்புக்கு அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் வெயில் காலத்தில் ஒழுங்காக ஓடுகிற குழாய், நாலு செ.மீ. மழை பெய்த ஒரு மணி நேரத்தில் மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே கக்குகிறது என்றால், அங்கே புதிதாக வந்தது பிளாஸ்டிக் அல்ல, தண்ணீர். சாக்கடைக் குழாய்க்குள் போகவே கூடாத மழைத் தண்ணீர். அது எவ்வளவு, எந்த வழியாக வருகிறது என்று எங்கள் ஊரில் யாரும் அளந்ததில்லை. அளக்காமலே குற்றவாளியைப் பிடித்துவிட்டார்கள். அளக்காமலே கோடிக்கணக்கில் குழாய் வாங்கவும் போகிறார்கள். இதுதான் என் சண்டை.

முதலில் அன்று ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன்.

படத்தில் நீங்கள் பார்த்தது மாலை ஆறு மணி. எட்டரை மணிக்கு அடைப்பு எடுக்கிற லாரியோடு மூன்று பேர் வந்தார்கள். மழை விடவில்லை. தெருவில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். மூடியைத் திறந்து மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லை. கூட வந்த மேஸ்திரி ஒருவனைப் பார்த்து, "கொஞ்சம் இறங்கிப் பாரேன்" என்றார். ரொம்பச் சாதாரணமாக, கடைக்குப் போய் டீ வாங்கி வா என்கிற மாதிரி.

டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன். பையன் என்ன, நாற்பது வயது இருக்கும். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். கொள்ளளவுக் கணக்கை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் முடித்துவிட்டு ஸ்லேட்டைத் தூக்கிக் காட்டுவான். குடையைப் போட்டுவிட்டு நடுவில் போய் நின்றேன். "யாரும் இறங்கக் கூடாது. இறக்கினால் இப்போதே போலீசைக் கூப்பிடுவேன்" என்று கத்தினேன். மேஸ்திரி முறைத்தார். அவன் என்னைப் பக்கத்தில் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்களா? மழையில நிக்காதீங்க, உள்ள போங்க" என்றான்.

அப்புறம் மெதுவாக ஒன்று சொன்னான். "அடைப்பு இல்ல டீச்சர். மழை விட்டா தானா இறங்கிடும். இது சாக்கடைத் தண்ணி இல்ல, மொட்டைமாடித் தண்ணி. வருஷா வருஷம் இதேதான்."

மழை பத்தரைக்கு விட்டது. பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் தானாக வடிந்தது. அவன் சொன்னது சரி. குழிக்குள் இறங்காமலே, மேடையில் இருந்தவருக்குத் தெரியாத பதில் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்தில் செய்கிற மாதிரி ஒரு சோதனை செய்தேன். ஒரு பக்கெட் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்தேன். மொட்டைமாடிக்குப் போய் மழைநீர் இறங்கும் குழாய் வாயில் ஊற்றினேன். கீழே வந்து, வாசலில் இருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் குழியைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. பக்கத்தில் கக்கூஸ் தண்ணீர் போகும் சேம்பர் மூடியைத் தூக்கினேன். நீலமாக ஓடிக்கொண்டிருந்தது.

என் வீடுதான், வேறு யார் வீடும் இல்லை. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது முதல் ஆளாகக் குழி வெட்டியவள் நான். பெருமையாகப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டினேன். நடுவில் வீட்டுக்குப் பின்கட்டு எடுத்தபோது குழாயை மாற்றிய கொத்தனார், குழி தூரம், சேம்பர் பக்கம் என்று அதில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். நானும் பார்க்கவில்லை. இத்தனை வருடமாக ஒவ்வொரு மழைக்கும் என் மாடித் தண்ணீர் அந்தத் தெருமுனைக் குழிக்குத்தான் போயிருக்கிறது. அன்று ராத்திரி அவனை அங்கே வரவழைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் கேள்வி கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். என் மொட்டைமாடி சுமார் 100 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ., அதாவது 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். தளம் ஈரமாக, மூலையில் தேங்க என்று பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 4,500 லிட்டர்.

சாக்கடைக்கு எவ்வளவு என்று குழாய் போட்டவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள்? மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வெளியிட்ட கையேடுதான் நாடு முழுவதும் அளவுகோல். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது அதன் கணக்கு. ஆளுக்கு 108 லிட்டர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 432 லிட்டர். ஒரு மணி நேரத்துக்குச் சராசரி 18 லிட்டர். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிப்போம், துவைப்போம் என்பதால் சிறிய ஊர்களுக்கு உச்ச நேர ஓட்டத்தைச் சராசரியைப் போல் 3 மடங்கு என்று வைப்பார்கள். அப்படியானால் ஒரு வீட்டுக்கு மணிக்கு 54 லிட்டர்.

4,500-ஐ 54-ஆல் வகுத்துப் பாருங்கள். 83. ஒரு மழை நேரத்தில் என் ஒரு வீட்டு மாடி, 83 வீடுகளின் உச்ச நேரச் சாக்கடையை அந்தக் குழாயில் தள்ளுகிறது.

எங்கள் தெருக் குழாய் இதைத் தாங்கலாம். தெருக் குழாயை ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போட மாட்டார்கள், அதில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். ஆனால் பத்துத் தெருவும் சேரும் பெரிய குழாயிலும், கடைசியில் கழிவுநீரை மேலே ஏற்றும் பம்பிங் ஸ்டேஷனிலும் அந்த மிச்சம் கிடையாது. 5,000 வீடு, 20,000 பேர் உள்ள ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். நாள் முழுவதும் வரும் கழிவுநீர் 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். உச்ச நேரத்தில் மணிக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். வெறும் 60 வீட்டு மாடிகள் சாக்கடையில் சேர்ந்திருந்தால் போதும், அதே 2 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் மழைநீர் கூடுதலாக வந்து நிற்கும். 5,000-இல் 60. நூற்றுக்கு ஒன்றேகால் வீடு கூட இல்லை. நூற்றுக்குப் பத்து வீடு சேர்ந்திருந்தால் 22 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். ஒரு முழு நாளின் சாக்கடையை விட அதிகம், ஒரே மணி நேரத்தில்.

இதற்கு எத்தனை அங்குலம் பெரிய குழாய் போடுவீர்கள்?

மாடி மட்டும் வழி இல்லை. தெருவில் தண்ணீர் தேங்கினால் நாம் என்ன செய்கிறோம்? கடப்பாரையால் மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்துவிடுகிறோம். "பாருங்க, எவ்வளவு வேகமா வடியுது" என்று ரசிக்கிறோம். அது வடியவில்லை, பள்ளத்தில் இருக்கிற தெருவுக்குப் போகிறது. அங்கே இன்னொருவர் வீட்டுக் கக்கூஸ் வழியாகப் பொங்கி வருகிறது. திறந்த மூடி தண்ணீருக்கு அடியில் தெரியாமல் எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்று செய்தி படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொதுமக்கள் மட்டுமல்ல, சீருடை போட்டவர்களே திறப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழி கண்ணுக்குத் தெரியாதது. நிலத்தடி நீர். கார்த்திகை, மார்கழியில் எங்கள் ஊர்க் கிணறுகளில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் குழாய் அந்த நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும். குழாய் இணைப்பில் விரிசல், செங்கல் மேன்ஹோலில் பூச்சு உதிர்ந்த இடம், மர வேர் புகுந்த இடம் எல்லாவற்றிலும் ஊற்று மாதிரி உள்ளே கசியும். மழை நின்ற பிறகும் நாள் கணக்கில், வாரக் கணக்கில் கசியும். மாடித் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வந்து போகும் திருடன் என்றால், இது வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும் திருடன்.

இரண்டுக்கும் மருந்து வேறு. மாடிக் குழாயைப் பிரித்துவிடப் பிளம்பரும் ஒரு நாள் கூலியும் போதும். கசியும் குழாய்க்கு உள்ளே கேமரா விட்டுப் பார்த்து ஒட்ட வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். எது எவ்வளவு என்று தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பீர்கள்? காய்ச்சல் பார்க்காமலே ஊசி போடுகிற டாக்டரிடம் நாம் போவோமா?

"அதெல்லாம் வெளிநாட்டு மெஷின் வேணும் டீச்சர், நம்ம ஊருக்கு ஆகாது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஆகும் தம்பி. மெஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் முதல் கணக்குக்குத் தேவையான எல்லாம் பம்பிங் ஸ்டேஷனிலேயே இருக்கிறது. பம்ப் எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதும் ஒரு நோட்டு. கூட ஒரு மழைமானி. அவ்வளவுதான்.

அதே 20,000 பேர் ஊரை உதாரணமாக வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். பம்ப் மணிக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் தள்ளும். மழை இல்லாத நாளில் 8 மணி நேரம் ஓடுகிறது. 21.6 லட்சம் லிட்டர். இதுதான் அடிக்கணக்கு. 5 செ.மீ. மழை பெய்த நாளில் 24 மணி நேரமும் ஓடுகிறது. 64.8 லட்சம். கூடுதல் 43.2 லட்சம். மறுநாள் மழை இல்லை, ஆனாலும் 11 மணி நேரம் ஓடுகிறது. கூடுதல் 8.1 லட்சம். மூன்றாம் நாள் 9 மணி நேரம். கூடுதல் 2.7 லட்சம். நாலாம் நாள் பழையபடி 8 மணி நேரம். மொத்தக் கூடுதல் 54 லட்சம் லிட்டர்.

அந்த ஊரின் பரப்பு 2 சதுர கிலோமீட்டர் என்றால், 5 செ.மீ. மழையில் ஊர் முழுவதும் விழுந்தது 10 கோடி லிட்டர். அதில் 54 லட்சம் சாக்கடைக்குள் போயிருக்கிறது. நூற்றுக்கு 5.4 பங்கு. இந்த ஒரு எண்ணைத்தான் நான் கேட்கிறேன். எங்கள் ஊருக்கு அந்த எண் என்ன?

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்லும். மழையோடு சேர்ந்து சட்டென ஏறி, மழை நின்றதும் இறங்குவது மாடியும் திறந்த மூடியும். மெதுவாக ஏறி நாலைந்து நாள் இழுப்பது நிலத்தடிக் கசிவு. மணிவாரியாக எழுதி வரைபடம் போட்டால் இரண்டையும் பிரித்துவிடலாம். கசிவை மட்டும் பார்க்க வேண்டுமானால், மழை இல்லாத ஒரு மார்கழி ராத்திரி இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை குழாயில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஊரே தூங்கும்போது ஓடுவதில் பெரும்பகுதி நிலத்தடி நீர்தான். அதையே பங்குனியில் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். குடிநீர் திறந்துவிடும் நேரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். மாடித் தொட்டி நிரம்பி வழிவதையும் கசிவாக எண்ணிவிடக் கூடாது.

இந்தக் கணக்கில் ஓட்டை இல்லையா என்றால், உண்டு. 24 மணி நேரம் ஓடிய பம்ப் அதற்கு மேல் ஓட முடியாது. தெருவில் பொங்கிப் போன தண்ணீர் அதன் நோட்டில் ஏறாது. ஆகவே கிடைக்கிற எண் குறைந்தபட்சம்தான், உண்மை அதைவிடப் பெரியது. பழைய பம்ப் பெயர்ப்பலகையில் எழுதிய அளவைத் தள்ளாது, அதையும் சோதிக்க வேண்டும். இவை திருத்தக்கூடிய பிழைகள். அளக்காமல் இருப்பதுதான் திருத்த முடியாத பிழை.

"கையேட்டிலேயே கசிவுக்கு அளவு கொடுத்திருக்கிறதே" என்று பொறியாளர் ஒருவர் உள்பெட்டியில் எழுதினார். கொடுத்திருக்கிறது ஐயா, நானும் பார்த்தேன். ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 5,000 லிட்டர் முதல் 50,000 லிட்டர் வரை. அல்லது குழாய் கிலோமீட்டருக்கு 500 முதல் 5,000 வரை. அல்லது மேன்ஹோல் ஒன்றுக்கு 250 முதல் 500 வரை. முதல் இரண்டிலும் கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். இது புதுக் குழாய் போடும்போது எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதற்கான அனுமதி. பழைய குழாயில் என்ன நடக்கிறது என்பதற்கான அளவு அல்ல. தையல்காரர் துணியில் விடும் தையல் இடத்தைப் பார்த்து ஆளின் எடையைச் சொல்வீர்களா? மாடித் தண்ணீருக்கு அந்தக் கையேட்டில் இடமே கிடையாது, ஏனென்றால் அது வரக்கூடாத தண்ணீர்.

நகராட்சி வழங்கும் குடிநீரில் 80 சதவீதம் என்கிற கணக்கும் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. பாதி வீட்டில் ஆழ்துளைக் கிணறு. அந்தத் தண்ணீர் எந்த நகராட்சிக் கணக்கிலும் இல்லை, ஆனால் சாக்கடையில் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து பெருக்கினால் வராது. குழாயில்தான் அளக்க வேண்டும்.

வெளிநாட்டைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். 1973 ஜூலை 1-க்குப் பிறகு சுத்திகரிப்பு நிலையம் கட்ட மத்திய அரசிடம் பணம் கேட்கும் எந்த ஊரும், தன் சாக்கடைக் குழாய்களில் வேண்டாத தண்ணீர் அளவுக்கு மீறி நுழையவில்லை என்று முதலில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பணம் கிடையாது. ஐம்பது வருடத்துக்கு முன்னால்! அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மெஷின் இல்லை, இந்த வரிசைதான். முதலில் அளவு, அப்புறம் நிதி. இங்கே முதலில் டெண்டர்.

பெரிய குழாய் போட்டால் என்ன தவறு என்று கேட்கலாம். குழாயோடு போகாது. பெரிய குழாய்க்குப் பெரிய பம்ப். பெரிய பம்புக்குப் பெரிய கரண்ட் பில். கடைசியில் சுத்திகரிப்பு நிலையம். அங்கே கழிவைத் தின்று சுத்தம் செய்வது நுண்ணுயிர்கள். மழைத் தண்ணீர் கலந்து நீர்த்துப்போன சாக்கடை வந்தால் அவற்றுக்குத் தீனி போதாது. வேகம் அதிகமானால் தொட்டியிலிருந்து அவையே அடித்துக்கொண்டு போய்விடும். மழை நின்று வாரக் கணக்கில் நிலையம் சரியாக வேலை செய்யாது. ஆற்றில் போய்ச் சேருவது பாதிச் சுத்தமான தண்ணீர். இதெல்லாம் நம் வரிப்பணத்தில். வீட்டு வரி ரசீதில் பாதாளச் சாக்கடைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறதே, அதில்.

"ஒரேயடியா கொட்டினா யாரால் என்ன செய்ய முடியும்?" என்பது அடுத்த சாக்கு. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ., 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. அந்த நாட்களுக்கு நான் யாரையும் கேள்வி கேட்கவில்லை. எங்கள் தெருமுனை பொங்குவது 95 செ.மீ.க்கு அல்ல, 4 செ.மீ.க்கு. வாசலில் நேர்க்கோடாக இருக்கும் ஒரு டப்பாவை வைத்து, ஸ்கேலால் அளந்து, காலண்டரில் எழுதி வருகிறேன். 4 செ.மீ.யைத் தாண்டிய மழைக்கு ஒருமுறை கூடத் தப்பவில்லை. ஐப்பசியில் 4 செ.மீ. மழையை வரலாறு காணாத மழை என்று சொன்னால் வரலாறு சிரிக்கும்.

எதிர்த் தரப்பில் நியாயமான ஒரு கேள்வி உண்டு, அதை நான் மழுப்ப மாட்டேன். "மாடிக் குழாயைப் பிரித்தால் தண்ணீரை எங்கே விடுவது? எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலே இல்லையே?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். சரியான கேள்வி. முதலில் சேகரிப்புக் குழி. அது நிரம்பினால் வடிகால். வடிகால் இல்லாத தெருவில் குடியிருப்பவர்களுக்கு அபராதம் போடுவதை நான் ஏற்க மாட்டேன். அதனால்தான் அளவு வேண்டும் என்கிறேன். எந்தத் தெருவிலிருந்து மழைநீர் அதிகம் சாக்கடைக்குப் போகிறது என்று தெரிந்தால், எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால் போட வேண்டும் என்பதும் தெரியும். சாக்கடைக் குழாயைப் பெரிதாக்கும் பணத்தில் எத்தனை தெருவுக்கு வடிகால் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டட்டும். அதற்கப்புறமும் பெரிய குழாய்தான் வேண்டும் என்றால் நானே கைதட்டுகிறேன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டிச் சொல்கிறேன்?

சாக்கடைக்குள் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்றம் 2014-இல் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. ஆனால் மழை ராத்திரியில், தெரு முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது, ஜனங்கள் எல்லாரும் வாசலில் நின்று கத்தும்போது, "கொஞ்சம் இறங்கிப் பாரேன்" என்று ஒரு குரல் வருகிறது. அடைப்பே இல்லாத குழியில், அடைப்பு எடுக்க. அளந்திருந்தால் அது அடைப்பு இல்லை என்று தெரிந்திருக்கும். அந்த லாரியே வந்திருக்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக்தான் காரணம் என்று நீங்கள் எழுதும்போது, அடைப்பு இருக்கிறது என்று சொல்கிறீர்கள். அடைப்பு இருந்தால் எடுக்க வேண்டும். எடுக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆகவே நான் கேட்பது நாலு.

ஒன்று: பம்ப் ஓடிய நேரத்தையும் மழை அளவையும் தினமும் நகராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதிவேட்டை நேரில் பார்க்க மனுப் போட்டிருக்கிறேன். நீங்களே எழுதிப் போட்டால் எனக்கு அலைச்சல் மிச்சம்.

இரண்டு: பெரிய குழாய்க்கு மதிப்பீடு போடும் முன்னால் தெருத் தெருவாகச் சாயச் சோதனை செய்யுங்கள். புகை விட்டுப் பார்க்கும் முறையும் இருக்கிறது, குழாயில் புகையை ஊதினால் எந்த மாடிக் குழாய் வழியே வருகிறது என்று தெருவில் நிற்பவருக்கே தெரியும். முதலில் அரசுக் கட்டடங்கள், கல்யாண மண்டபங்கள், அடுக்குமாடிகள். ஏழையின் ஓட்டு வீட்டில் ஆரம்பிக்காதீர்கள்.

மூன்று: மழை நேரத்தில் மேன்ஹோல் மூடியைத் திறக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். நாமும் நிறுத்துவோம்.

நாலு: எந்த மழையிலும், எந்த அடைப்புக்கும், எந்த மனிதரும் இறங்கக் கூடாது.

என் வீட்டுக் குழாயைப் போன திங்கட்கிழமை பிரித்தாயிற்று. குழியிலிருந்த பழைய மணலை அள்ளிவிட்டு ஜல்லி மாற்றியிருக்கிறேன். எதிர் வீட்டு அக்கா வந்து சொட்டு நீலம் வாங்கிப் போனார். அவர் வீட்டிலும் நீலம் சேம்பரில்தான் வந்தது. நாளைக்குப் பிளம்பர் வருகிறார். எங்கள் தெருவில் இன்னும் எத்தனை வீடு என்று தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு வீடாகப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். தெருக்காரர்கள் விருப்பம் இருந்தால் ஒரு பக்கெட்டோடு வாருங்கள்.

திட்ட நினைப்பவர்கள் திட்டலாம். ஆனால் கணக்கோடு திட்டுங்கள். என் கணக்கில் தவறு இருந்தால் எந்த வரியில் என்று காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பக்கெட் தண்ணீரில் நாலு சொட்டு நீலம் கலந்து உங்கள் வீட்டு மாடிக் குழாயில் ஊற்றிவிட்டு வாருங்கள்.